எல்லை கடக்கும் மாத்திரைகள்

சென்னையில் மருத்துவர் சீட்டைக் காட்டி வாங்கிய மாத்திரை வேறொரு நாட்டின் சுங்கச் சோதனையில் போதைப்பொருளாகக் கருதப்படலாம். ஏனெனில் அதன் தகுதியை அட்டையில் அச்சான வணிகப் பெயரோ எழுதித் தந்த மருத்துவரோ முடிவு செய்வதில்லை, உள்ளிருக்கும் வேதிப்பொருளும் இறங்கும் நாட்டின் சட்டமுமே முடிவு செய்கின்றன. 1961, 1971ஆம் ஆண்டுகளின் ஐ.நா. உடன்படிக்கைகள் இத்தகைய மருந்துகளைப் பட்டியலிட்டபோதும், அவற்றினும் கடுமையான விதிகளை வகுத்துக்கொள்ளும் உரிமையை நாடுகளுக்கே விட்டுவைத்தன.

அத்தகைய கடுமையான விதிகளைக் கொண்ட நாடு ஜப்பான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊக்கமருந்துப் பழக்கம் பரவியதால் 1951இல் அங்கு இயற்றப்பட்ட சட்டம், கவனக்குறைவுக் கோளாறுக்காக அமெரிக்காவில் வழங்கப்படும் ஆம்பெட்டமின் மாத்திரைகளை, மருத்துவரின் கடிதம் இருந்தாலும் அனுமதிப்பதில்லை. மூக்கடைப்பு மாத்திரையில் சேரும் சூடோஎபிட்ரின்கூட 10 விழுக்காட்டைத் தாண்டினால் தடைக்குள் வந்துவிடுகிறது. மற்ற மருந்துகளிலும், சீட்டின் பேரில் வாங்கியவை ஒரு மாதத் தேவைக்கு மேற்பட்டால், ‘யுன்யூ காகுனின்ஷோ’ எனப்படும் இறக்குமதிச் சான்றைப் புறப்படும் முன்பே பெற வேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வலிநிவாரணியான டிரமடாலும், சில இருமல் மருந்துகளில் உள்ள கோடீனும் முன் அனுமதி தேவைப்படும் கட்டுப்பாட்டு மருந்துகள். குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அபின் தரும் செடியின் விதை என்பதால் அங்கே அதற்கும் தடை உண்டு. மருந்துப் பையை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்ப்பவர்களும் மசாலாப் பொட்டலத்தை மறந்துவிடுகிறார்கள்.

பாராசிட்டமால் அமெரிக்காவில் அசிட்டமினோபென் என்றும், சால்பியூட்டமால் அல்பியூட்டரால் என்றும் வழங்குவதால், மருத்துவரின் கடிதத்தில் வணிகப் பெயரோடு மூலப்பெயரும் அளவும் இடம்பெறுவது நல்லது. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் அடுக்கினால், அவற்றின் அடையாளமே போய்விடும்.

கருவிகளைப் பொறுத்தவரை, உறக்கத்தில் மூச்சு தடைபடுவோர் பயன்படுத்தும் சிபாப் கருவியின் உதிரி லித்தியம் மின்கலங்கள், தீப்பிடிக்கும் அபாயம் கருதிக் கைப்பையில்தான் செல்ல வேண்டும்; 100 வாட்-மணிக்கு மேற்பட்டவற்றுக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதலும் தேவை. இன்சுலின் பம்பு அணிந்தவர்கள், அதன் தயாரிப்பாளர் எக்ஸ்ரே கூடாதென்று கூறியிருந்தால், கையால் சோதிக்கும்படி கேட்கலாம்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும். உறைந்தால் அது கெட்டுவிடும் என்பதால் அதையும் கைப்பையிலேயே, பனிக்கட்டிப் பொதி நேரே படாதவாறு துணியில் சுற்றி எடுத்துச் செல்வது வழக்கம். பயணிக்குத் தேவையான மருந்துத் திரவங்களுக்கு 100 மில்லிலிட்டர் வரம்பிலிருந்து விலக்கு உண்டு. ஆயினும் சோதனையின்போது அவற்றைத் தனியே எடுத்துக் காட்ட வேண்டும். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்குப் பழையபடியே தோன்றினாலும் அதன் வீரியத்தை நம்ப முடியாதாகையால், அந்தக் குப்பியை எறிந்துவிடச் சொல்கிறார்கள்.