கேரளாவில் விதிக்கப்பட்ட போக்குவரத்து அபராதம்: செலுத்தாமல் எல்லை தாண்டினால் என்ன ஆகும்?

பெருமாட்டி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையையொட்டி அமைந்துள்ளது பெருமாட்டி ஊராட்சி. இப்பகுதிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே வேலை, வணிகம், உறவு நிமித்தம் நாள்தோறும் வாகனங்கள் சென்று வருகின்றன. தேனி மாவட்டத்திலிருந்து குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குச் செல்வோரும் இவ்வாறே எல்லையைக் கடக்கின்றனர். 'அடுத்த மாநில அபராதம் நம் ஊர் வரை வராது' என்று நினைப்போர் உண்டு. ஆனால், சட்டம் அவ்வாறு கூறவில்லை.

எல்லை ஏன் தடையல்ல?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மத்திய சட்டம் என்பதால் இரு மாநிலங்களுக்கும் பொருந்தும். கேரளாவில் 726 கேமராக்களைக் கொண்ட கண்காணிப்புத் திட்டத்தின் கீழ், 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கப்படுகிறது. வாகன எண்ணைக் கொண்டு, மத்திய அரசின் 'வாஹன்' தரவுத்தளத்திலிருந்து உரிமையாளரின் விவரம் பெறப்படுகிறது. கேமராவில் பதிவான விதிமீறலுக்கு 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது விதி. வாகனத்தை வேறொருவர் ஓட்டியிருந்தால், காவல்துறையோ மோட்டார் வாகனத் துறையோ கேட்கும்போது அவரது விவரத்தைத் தெரிவிப்பது பிரிவு 133இன்படி உரிமையாளரின் கடமையாகும்.

செலுத்தாவிட்டால் என்ன நடக்கும்?

தலைக்கவசம் அணியாதது போன்ற விதிமீறல்களுக்கு, துறையிடமே தொகையைச் செலுத்தி வழக்கை முடித்துக்கொள்ளலாம். உரிய காலத்தில் செலுத்தாவிட்டால் வழக்கு நீதிமன்றத்திற்குச் செல்லும். முதலில் சம்மன் அனுப்பப்படும். சிறிய குற்றங்களில் வழக்கறிஞர் மூலம் ஆஜராகவோ, குற்றத்தை ஒப்புக்கொண்டு தொகையை அனுப்பவோ பிரிவு 208 வழிசெய்கிறது. சம்மனைத் தொடர்ந்து புறக்கணித்தால் நீதிமன்றம் பிடிவாரண்ட் பிறப்பிக்கலாம். அதனை இந்தியாவின் எந்தப் பகுதியிலும் நிறைவேற்ற முடியும். மது அருந்தி வாகனம் ஓட்டிய வழக்கை, பிரிவு 200இன் கீழ் துறையிடம் தொகை செலுத்தி முடித்துக்கொள்ள இயலாது. அதனை நீதிமன்றமே விசாரிக்க வேண்டும்.

நிலுவையால் நேரும் மற்றொரு சிக்கல், வாகனம் தொடர்பான சேவைகள் தடைபடுவது. பெயர் மாற்றம், தகுதிச் சான்று, வேறு மாநிலத்திற்கு மாற்றத் தேவைப்படும் தடையில்லாச் சான்று ஆகியவற்றுக்கான விண்ணப்பங்கள் நிறுத்தி வைக்கப்படலாம். வாடகை வாகனம் ஓட்டிப் பிழைப்போருக்குத் தகுதிச் சான்று இல்லையெனில் வருமானமே நின்றுவிடும்.

வாகனத்தை விற்றவர்கள் கவனிக்க வேண்டியது

எல்லைக்கு அப்பால் உள்ளவரிடம் வாகனத்தை விற்றுவிட்டு, பெயர் மாற்றம் செய்யாமல் இருந்தால், புதியவர் செய்யும் விதிமீறலுக்கான அறிவிப்பு பழைய உரிமையாளருக்கே வரும். பிரிவு 50இன்படி, அதே மாநிலத்தில் விற்றால் 14 நாட்களுக்குள்ளும், வேறு மாநிலத்தவருக்கு விற்றால் 45 நாட்களுக்குள்ளும் விற்பனையைப் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

மத்திய அரசின் இ-சலான் இணையதளத்தில் வாகன எண்ணைப் பதிவிட்டு, நிலுவை உள்ளதா என்பதை அறியலாம். வழக்கு நீதிமன்றத்திற்குச் சென்றிருந்தால் மெய்நிகர் நீதிமன்ற இணையதளத்தில் பார்க்க வேண்டும். அபராதம் தவறாக விதிக்கப்பட்டிருந்தால், ஆதாரத்துடன் உடனே ஆட்சேபம் தெரிவிப்பது நல்லது. பதிவுச் சான்றில் உள்ள முகவரியும் கைப்பேசி எண்ணும் தற்போதையவையாக இருப்பது அவசியம். அறிவிப்பு கிடைக்காமலே வழக்கு நீதிமன்றம் வரை செல்வதை அது தவிர்க்கும். வாட்ஸ்அப்பில் அபராத அறிவிப்பு என்ற பெயரில் வரும் செயலிகளைப் பதிவிறக்கம் செய்யக் கூடாது. அவை பண மோசடிக்குப் பயன்படுத்தப்படுகின்றன.