கிழித்ததும் குப்பையாகாத கிஃப்ட் பேக்கிங்... வீட்டிலேயே செய்ய 4 ஐடியாக்கள்!

தருமபுரி மாவட்டம், அரூர் அருகே இருக்கிறது தீர்த்தமலை. சிவபூஜைக்கு நீர் வேண்டி ராமர் அம்பு எய்ய, பாறையிலிருந்து தீர்த்தம் பெருகியது என்பது தலபுராணம். தீர்த்தகிரீஸ்வரரை வணங்கி இறங்கும் பலர், அந்தத் தீர்த்தத்தைப் பாட்டிலில் பிடித்து வீட்டுக்கும் உறவினர்களுக்கும் கொண்டுபோகிறார்கள். அதோடு வாங்கும் சின்னப் பரிசையும் அழகாகக் கட்டிக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

பளபளக்கும் கடைப் பேப்பரில் பெரும்பாலும் பிளாஸ்டிக் படலம் இருக்கும். கையில் கசக்கிப் பாருங்கள். சுருண்டபடியே நின்றால் காகிதம். மீண்டும் விரிந்தால் பிளாஸ்டிக் கலந்தது. அதை மறுசுழற்சி செய்வது கடினம். மலைப்பாதையில் விழுந்தால் மழைநீரோடு ஓடைக்குத்தான் போகும்.

1. ரவிக்கைத் துணி முடிச்சு

ஜப்பானில் இதை 'ஃபுரோஷிகி' என்பார்கள். துணியை விரித்து, பெட்டியைக் குறுக்காக நடுவில் வையுங்கள். எதிரெதிர் இரண்டு முனைகளைப் பெட்டியின் மேல் மடித்து, மற்ற இரண்டையும் இழுத்து முடிச்சுப் போடுங்கள். 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணியில் 30 சென்டிமீட்டர் பெட்டி தாராளமாக அடங்கும். பிரித்த பிறகு துணியே இன்னொரு பரிசு!

2. நாளிதழ் + சணல்

பெட்டியின் சுற்றளவைவிட 3 சென்டிமீட்டர் கூடுதலாகத் தாளை வெட்டுங்கள். இரு பக்கமும் பெட்டியின் உயரத்தில் முக்கால் பங்கு தாள் நீட்டிக்கொண்டிருந்தால் மடிப்பு சரியாக அமையும். சணல் கயிறு கட்டி, ஒரு கொத்து மரிக்கொழுந்து செருகினால் போதும். செலோடேப்புக்கு வேலையில்லை.

3. பாட்டிலுக்கு இரட்டை முடிச்சு

தீர்த்த பாட்டிலைத் துணியின் நடுவில் நிறுத்துங்கள். எதிரெதிர் முனைகளை மூடிக்கு மேல் சேர்த்து முடியுங்கள். மீதி இரண்டு முனைகளையும் பாட்டிலைச் சுற்றிக் கொண்டுவந்து முன்னால் கட்டுங்கள். மேல் முடிச்சே கைப்பிடி.

4. ஓலைக் கொட்டான், மஞ்சப்பை

வளையல், இனிப்பு போன்றவற்றுக்குப் பனையோலைக் கொட்டான் பொருத்தம். தாம்பூலத்துக்கு மஞ்சப்பை இருக்கவே இருக்கிறது. தமிழக அரசின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியது.

பரிசை வாங்குபவர் உறையைக் கிழிக்காமல், மடித்து அலமாரியில் எடுத்து வைக்கிறாரா? அப்படியென்றால் உங்கள் பேக்கிங் ஜெயித்துவிட்டது!