கூட்டிப் பார்த்தால் ஒன்று, பிரித்துப் பார்த்தால் வேறு!

1973-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேற்பட்டப் படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 100-க்கு 44 பேருக்கு இடம் கிடைத்தது. பெண்களில் 100-க்கு 35 பேருக்கே கிடைத்தது. பெண்களுக்கு அநீதி நடந்ததா? பீட்டர் பிக்கல் முதலிய மூவர் இதை ஆராய்ந்து 1975-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். அவர்கள் கண்டதை நீங்களும் காணலாம்.

இத்தகைய கணக்கைக் கணிப்பொறியிடம் கேட்க உதவும் மொழி எஸ்.க்யூ.எல். ஐ.பி.எம். நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் இதன் முதல் வடிவத்தை 1974-இல் வெளியிட்டார்கள்.

ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஓர் அட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் துறை, ஆணா பெண்ணா, இடம் கிடைத்தால் 1, கிடைக்காவிட்டால் 0 என்று எழுதியிருக்கிறது. 'குரூப் பை' என்றால் கணிப்பொறி அட்டைகளைக் குவியல்களாகப் பிரிக்கும். 'கவுன்ட்' என்றால் ஒவ்வொரு குவியலிலும் எத்தனை அட்டை என்று எண்ணும். 'ஏ.வி.ஜி.' என்றால் சராசரி காணும். 1-களையும் 0-களையும் கூட்டி, அட்டைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது என்ன? இடம் பெற்றவர்களின் பங்கு!

துறைகளுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவற்றை 'ஏ', 'எஃப்' என்று அழைப்பார்கள்.

ஏ துறை: ஆண்கள் 825, இடம் பெற்றவர் 512. பெண்கள் 108, இடம் பெற்றவர் 89.
எஃப் துறை: ஆண்கள் 373, இடம் பெற்றவர் 22. பெண்கள் 341, இடம் பெற்றவர் 24.

முதலில் ஆண், பெண் என்று இரண்டே குவியல்களாகப் பிரியுங்கள். ஆண்கள் 1198-இல் 534, அதாவது சுமார் 45 சதவீதம். பெண்கள் 449-இல் 113, அதாவது 25 சதவீதம். அநீதிதான் என்று தோன்றுகிறது அல்லவா?

இப்போது துறையையும் சேர்த்து நான்கு குவியல்களாகப் பிரியுங்கள். ஏ துறையில் ஆண்கள் 62 சதவீதம், பெண்கள் 82. எஃப் துறையில் ஆண்கள் 6, பெண்கள் 7. இரண்டிலும் பெண்களே முன்னால்!

இந்த மாயத்தின் காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது. ஏ துறையில் இடம் எளிதாகக் கிடைத்தது. அங்கே பெரும்பாலும் ஆண்களே விண்ணப்பித்தார்கள். எஃப் துறையில் இடம் கிடைப்பது அரிது. பெண்களில் பெரும்பாலோர் அங்கேதான் விண்ணப்பித்தார்கள். பெண்களின் 82-ஐயும் 7-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஏறத்தாழ 45 வரும். ஆனால் உண்மை 25. குவியல்கள் சமமாக இல்லாதபோது சராசரிகளின் சராசரி நம்மை ஏமாற்றிவிடும்.

ஆகவே யாராவது ஒரு சராசரியைச் சொன்னால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எத்தனை பேரின் சராசரி? எப்படிப் பிரித்தீர்கள்?

பெண்கள் ஏன் இடம் அரிதான துறைகளை நாடினார்கள் என்ற கேள்வி மிஞ்சுகிறது. அந்த விடை இந்த அட்டைகளில் இல்லை. அதைத் தேட வேறு அட்டைகள் வேண்டும். அவற்றில் என்னென்ன எழுதியிருக்க வேண்டும்? யோசித்துப் பாருங்கள்!