35-லேயே நின்னுபோற தெர்மாமீட்டர்

ஆப்-ஆம்ப் எபிசோடில் நேரம் போதாமல் விட்ட ஒரு விஷயம் இது: ஆப்-ஆம்ப்போட அவுட்புட் எதுவரைக்கும் ஏறும்?

எல்.எம்.35 ஒரு வெப்பநிலை சென்சார். ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் தரும். சின்ன சிக்னல் என்பதால், எல்.எம்.358 ஆப்-ஆம்ப் வச்சு 10 மடங்கு பெருக்கி ஆர்டுயினோவுக்கு அனுப்புறோம். எல்லாத்துக்கும் 5 வோல்ட் சப்ளை. 25 டிகிரிக்கு 2.5 வோல்ட், 30 டிகிரிக்கு 3 வோல்ட். கணக்கு கச்சிதம்.

இப்போ காய்ச்சல்ல இருக்கிற ஒருத்தரோட அக்குள்ல அந்த சென்சாரை வையுங்க. உடம்பு 39 டிகிரி கொதிக்குது. ஸ்கிரீன்ல வர்றது சுமார் 35.

ஏன்? 3.9 வோல்ட் வந்திருக்கணும். ஆனா எல்.எம்.358-இன் அவுட்புட், சப்ளைக்குச் சுமார் 1.5 வோல்ட் கீழேயே நின்னுடும். உள்ளே இருக்கிற டிரான்சிஸ்டர்கள் வேலை செய்ய அந்த இடைவெளி தேவை. 5-இல் 1.5 போனா மிச்சம் 3.5. ஆப்-ஆம்ப் வோல்டேஜை உண்டாக்குவதில்லை, சப்ளையிலிருந்துதான் எடுத்துத் தருது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

இதுதான் சாச்சுரேஷன். எதுவும் சூடாகாது, புகையாது, எரர் மெசேஜும் வராது. நம்புற மாதிரி ஒரு தப்பான நம்பர் வரும். ஆபத்தே அதுதான்.

கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். ஃபீட்பேக் ஒழுங்கா வேலை செய்யும்போது, ஆப்-ஆம்ப்போட பிளஸ், மைனஸ் இன்புட் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜில் இருக்கும். நம்ம கேஸ்ல பிளஸ்ல 390 மில்லிவோல்ட், மைனஸ்ல 350. அந்த 40 மில்லிவோல்ட் வித்தியாசம் மாட்டிக்கொடுத்துடும்.

சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, பெருக்கத்தை 5 மடங்காகக் குறைங்க. 40 டிகிரிக்கு 2 வோல்ட்தான் வரும். ஆர்டுயினோ ஊனோ அப்பவும் சுமார் 0.1 டிகிரி வித்தியாசத்தைப் பிரிச்சுப் பார்க்கும். இரண்டு, எம்.சி.பி.6002 மாதிரி ‘ரெயில்-டு-ரெயில்’ ஆப்-ஆம்ப் போடுங்க. லோடு குறைவா இருந்தா சப்ளையின் விளிம்பு வரைக்கும் ஏறும். சப்ளையை 9 வோல்ட்டா ஏத்தலாமேன்னு தோணும். ஆனா அவுட்புட் 5 வோல்ட்டைத் தாண்டினா ஆர்டுயினோ பின்னுக்கு ஆபத்து.

அடுத்த தடவை டேட்டாஷீட் திறந்தா, ‘அவுட்புட் வோல்டேஜ் ஸ்விங்’ வரியை முதல்ல பாருங்க. அளக்கப்போற மிக அதிகமான அளவை வச்சு ஒரு தடவை சோதிச்சிட்டு, அப்புறம் மீட்டரை நம்புங்க.