ஜைதூன் நகரில் ஒரு நாள்

சீனாவின் தென்கிழக்குக் கரையில், ஃபூஜியான் மாகாணத்தில் உள்ள சுவான்சௌ நகரே அரபு நூல்கள் 'ஜைதூன்' எனக் குறிக்கும் பழந்துறைமுகமாகும். ஜைதூன் என்பது ஒலிவ மரத்தைக் குறிக்கும் அரபுச் சொல். ஆயினும் ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் இந்நகரைக் கண்டதாக எழுதிய இப்னு பதூதா, அங்கே ஒலிவம் இல்லை என்பதையும் பதிவு செய்துள்ளார். நகரெங்கும் வளர்ந்த 'சிதோங்' மரத்தின் பெயரே அரபியர் நாவில் ஜைதூன் ஆயிற்று என்பர். அம்மரம் நம் வேலியோரக் கல்யாண முருங்கைதான்.

பெயரை மட்டும் நம்பினால் பொருள் தவறும் என்பதற்கு இது ஒரு சான்று. 2021இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இந்நகரின் 22 சின்னங்களையும் ஒரே நாளில் காண இயலாது. தனி வழிகாட்டியை அமர்த்திக்கொள்பவர் தாம் காணும் இடங்களைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். அரபு அறிந்தவருக்கு மூன்று இடங்கள் போதும்.

முதலாவது, 'சிங்ஜிங்' பள்ளிவாசல். கருங்கல் நுழைவாயில் கம்பீரமாக நிற்க, கூரையிழந்த தொழுகைக் கூடம் வானம் பார்த்துக் கிடக்கிறது. வழிகாட்டிகள் சொல்லும் பெயர் சிங்ஜிங். வாயிலின் அரபுக் கல்வெட்டோ இதனை 'அஸ்ஹாப் பள்ளி' என்கிறது. ஹிஜ்ரி 400இல் (கி.பி. 1009-10) கட்டப்பெற்று, ஹிஜ்ரி 710இல் ஷீராஸைச் சேர்ந்த அஹ்மத் பின் முஹம்மதால் புதுப்பிக்கப்பட்டதென அது தெரிவிக்கிறது. சிங்ஜிங் என்பது 1131இல் எழுந்த வேறொரு பள்ளியின் பெயர் என்றும், அப்பள்ளி மறைந்த பின் அதன் பெயர் இதனுடன் ஒட்டிக்கொண்டது என்றும் ஆய்வாளர் விளக்குவர்.

இரண்டாவது, நகருக்குக் கிழக்கே லிங்ஷான் குன்றிலுள்ள இரு கப்ருகள். அங்கு அடங்கியிருப்போர் 618-626 காலத்தில் வந்த நபித்தோழர்கள் என்பது உள்ளூர் மரபு. ஹிஜ்ரத்தே 622இல்தான் நிகழ்ந்தது என்பதால் வரலாற்றாசிரியர் இதனை ஏற்கத் தயங்குவர். எனினும் ஹிஜ்ரி 722ஆம் ஆண்டு அரபுக் கல்வெட்டும், கடலோடி செங் ஹோ 1417இல் இங்கு வந்து சென்றதைக் கூறும் கல்லும், இத்தலம் பெற்றிருந்த மதிப்புக்கு ஐயமற்ற சான்றுகளாம்.

மூன்றாவது, 1959இல் நிறுவப்பெற்ற கடல்வழி வரலாற்று அருங்காட்சியகம். 1281இல் தமிழர் இந்நகரில் எழுப்பிய சிவன் கோயிலுக்குத் தமிழ்க் கல்வெட்டே சாட்சி. அக்காலச் சிவாலயச் சிற்பங்களும் இங்கு உள்ளன. அவற்றோடு அரபு எழுத்துப் பொறித்த முஸ்லிம் கப்ருக் கற்களும் வரிசையாக நிற்கின்றன. 1357 முதல் 1366 வரை நீடித்த உள்நாட்டுக் கலகத்திற்குப் பின் அயல்நாட்டு முஸ்லிம்களின் வாழ்வு இங்குக் குலைந்தது. அவர்தம் கப்ருக் கற்கள் பல நகர மதிலுக்குள் கட்டுமானக் கற்களாய்ப் புதைந்து, மதில் இடிக்கப்பட்டபோதுதான் வெளிவந்தன.

அக்கற்கள் சிலவற்றில், அந்நிய மண்ணில் இறப்பவர் ஷஹீத் ஆவார் என்னும் கருத்துடைய வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. அவ்வறிவிப்பின் ஸனது பலவீனமானது என்பர் ஹதீஸ் கலை வல்லுநர். ஆனால் உறவினர் எவரும் ஜியாரத்துக்கு வர இயலாத தொலைவில் மண்ணுக்குள் சென்றவர்களின் ஏக்கத்தை அந்தக் கல் எடுத்துரைக்கிறது. வழிகாட்டி அடுத்த கூடத்துக்கு அழைப்பார். அரபு படித்தவர் சற்றே நின்று, அப்பெயர்களை வாய்விட்டுப் படித்து, அவர்களுக்காக ஒரு துஆ செய்துவிட்டுச் செல்லலாம்.