விண்ணிலிருந்து வரும் சாட்சி

புதுதில்லி: வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பே நிலம் பழங்குடியினர் வசம் இருந்ததா என்பதை அறியச் செயற்கைக்கோள் படங்களும் நாடப்படுகின்றன. அவ்வாண்டு மே மாதம் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 எடுத்தவை 2.5 மீட்டர் துல்லியமுள்ள கறுப்பு வெள்ளைப் படங்கள். 2003-ல் ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட்-1 தந்த வண்ணப் படங்களின் துல்லியமோ 5.8 மீட்டர்தான். இரண்டையும் கணினியில் இணைத்தால் 2.5 மீட்டரிலேயே வண்ணப் படம் கிடைக்கும். வரப்பும் குடிசையும் தெளிவாகும்.

ஆனால், அந்த நுண்புள்ளிகளின் நிறம் கேமரா பதிவு செய்ததன்று, கணக்கிட்டுப் பெறப்பட்டது. இரு படங்களும் வெவ்வேறு பருவத்தில் எடுக்கப்பட்டிருந்தால், அறுவடை முடிந்த வயலும் பச்சையாகத் தெரியக்கூடும். மரங்களுக்கிடையே உழுத துண்டு நிலம் காடாகவே தோன்றிவிட்டால், இழப்பு உழுதவனுக்கே.

இத்தகைய படங்கள் பிற சான்றுகளுக்குத் துணையாகலாம், மாற்றாக முடியாது என்கின்றன 2012-ல் திருத்தப்பட்ட விதிகள். ஊர் முதியவர்களின் எழுத்துமூல வாக்குமூலமும் அவ்விதிகளின்படி சான்றுதான்.