வீடு அதேதான், கதவு எண்தான் மாறியது!



சென்னையில் பல தெருக்களில் வீட்டு வாசலில் 'பழைய எண், புதிய எண்' என்று இரண்டு எண்கள் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம்ம அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. பலகை மாறும், எண் மாறும், வீடும் அதில் இருப்பவர்களும் மாறுவதில்லை. ஆனால் பழைய எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வரும் உறவினர் தெருமுனையில்தான் நிற்க வேண்டும்.

கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிலும் இதே கதை உண்டு. அதை நான் படித்தது புத்தகத்தில் அல்ல, ஒரு லேபில் பட்ட பாட்டில்!

அந்த ஒரு நாள்

ரெக்கார்டு சமர்ப்பிக்க ஒரே நாள் பாக்கி. முந்தின நாள் ஃபைல் சர்வரை மாடிக்கு மாற்றி, புது ஐ.பி. முகவரி கொடுத்திருந்தார்கள். காலையில் முப்பது கம்ப்யூட்டரும் ஸ்தம்பித்து நின்றன. 'சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்' என்ற அர்த்தத்தில் ஒரே ஒரு வரி. "போச்சுடா, ப்ராஜெக்ட் எல்லாம் அழிஞ்சு போச்சு!" என்று என் நண்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். விடிய விடிய உட்கார்ந்து திரும்ப டைப் செய்யலாமா என்றுகூடப் பேசினோம்.

உண்மையில் ஒரு ஃபைலும் அழியவில்லை. அந்த லேபில் இருந்தது என்.எஃப்.எஸ். 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தந்த முறை. அதில் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் 'இந்த எண்ணில் உள்ள சர்வரில் இந்த டைரக்டரி' என்று நாமே எழுதி வைக்கிறோம். எண்ணுக்குப் பதில் பெயரை எழுதினாலும், மவுண்ட் ஆன நேரத்தில் கிடைத்த எண்ணையே அது பிடித்துக்கொண்டிருக்கும். ஆக, முப்பது கம்ப்யூட்டரிலும் முப்பது முறை அதே வரியைத் திருத்தினோம். முடிக்கும்போது ஆவடிக்குப் போக கடைசி ரயிலை நினைத்து ஓட வேண்டியதாயிற்று.

ஐ.ஐ.டி. மெட்ராஸ் மாணவர் ஒருவர்

இந்தத் தொல்லைக்கு வேறு வழி யோசித்தவர்கள் 1980-களிலேயே இருந்தார்கள். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து 'ஆண்ட்ரூ' என்ற திட்டத்தை நடத்தின. அதில் பிறந்ததுதான் ஆண்ட்ரூ ஃபைல் சிஸ்டம், சுருக்கமாக ஏ.எஃப்.எஸ். அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் மகாதேவ் சத்யநாராயணன். நம்ம ஐ.ஐ.டி. மெட்ராஸில் 1975-ல் இளநிலையும் 1977-ல் முதுநிலையும் முடித்துவிட்டுப் போனவர்! இந்தப் பணிக்காக அவருக்கும் உடன் உழைத்தவர்களுக்கும் ஏ.சி.எம். அமைப்பு 2016-ஆம் ஆண்டுக்கான மென்பொருள் விருதை வழங்கியது. 2000-ல் ஐ.பி.எம். இதன் மூல நிரலை வெளியிட, 'ஓப்பன் ஏ.எஃப்.எஸ்.' என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது.

எப்படி வேலை செய்கிறது?

ஏ.எஃப்.எஸ்.-ல் ஃபைல்கள் 'வால்யூம்' என்ற மூட்டைகளாக இருக்கும். எந்த மூட்டை எந்த சர்வரில் என்பது நம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அதற்கென்று ஒரு பதிவேடு உண்டு. பெயர் வி.எல்.டி.பி. நம்ம போஸ்ட் ஆபீஸ் மாதிரி என்று வையுங்கள். ஃபைல் வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் முதலில் அங்கே கேட்கும். அது சர்வரின் முகவரியைச் சொல்லும்.

ஒவ்வொரு ஃபைல் சர்வருக்கும் மாறாத அடையாள எண் ஒன்று உண்டு. அது 'சிஸ்ஐடி' என்ற சிறு ஃபைலில் இருக்கும். ஐ.பி. என்பது கதவு எண், இது ரேஷன் கார்டு எண். முகவரி மாற்ற வேண்டுமானால் சர்வர் ப்ராசஸை நிறுத்தி, புது ஐ.பி. கொடுத்து, 'நெட்இன்ஃபோ', 'நெட்ரெஸ்ட்ரிக்ட்' ஃபைல்களில் பழைய எண் இருந்தால் திருத்தி, மீண்டும் கிளப்பினால் போதும். எழுந்தவுடன் சர்வரே பதிவேட்டுக்குப் போய், 'நான் அதே ஆள்தான், வீடு மாறிவிட்டேன்' என்று எழுதிவிடும். 'வோஸ் லிஸ்ட்அட்ரஸ்' கட்டளை கொடுத்து சரிபார்க்கலாம். பழைய இடத்தையே நினைவில் வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் 'எஃப்எஸ் செக்வால்யூம்ஸ்' கொடுத்தால், மறுபடி பதிவேட்டைக் கேட்டுக்கொள்ளும்.

இரண்டு எச்சரிக்கை

ஒன்று, ஒரு சர்வரை அப்படியே காப்பி எடுத்து இன்னொன்று செய்யும்போது, சிஸ்ஐடி ஃபைலையும் சேர்த்து எடுக்காதீர்கள். ஒரே ரேஷன் கார்டில் இரண்டு குடும்பம் வந்து நின்றால் பதிவேடு குழம்பிப்போகும்.

இரண்டு, போஸ்ட் ஆபீஸே இடம் மாறினால்? பதிவேடு இருக்கும் டேட்டாபேஸ் சர்வரின் எண்ணை மாற்றுவதுதான் கஷ்டம். அந்த எண் 'செல்சர்வ்டிபி' என்ற ஃபைலில் சர்வர், கிளையன்ட் எல்லாவற்றிலும் எழுதியிருக்கும். இங்கே மறுபடியும் நம் முப்பது கம்ப்யூட்டர் கதைதான்! டி.என்.எஸ். மூலம் அதைத் தேடும்படி முன்பே அமைத்திருந்தால் கிளையன்ட்கள் தப்பிக்கும். இந்த சர்வர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவை. குறைந்த ஐ.பி. எண்ணுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. எண் மாறினால் தலைவரும் மாறலாம். எனவே ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

கடைசியாக

ஏ.எஃப்.எஸ். நம்ம சிலபஸில் வராமல் போகலாம். ஆனால் நாளை நம்மில் யாராவது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனி சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேரத்தான் போகிறோம். 'ஐ.பி. மாத்துப்பா' என்று முதலாளி ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவார். கீபோர்டைத் தொடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த எண் எங்கெங்கே எழுதப்பட்டிருக்கிறது?" ஒரே இடம் என்றால் அரை மணி வேலை. முப்பது இடம் என்றால், வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள், ரயிலைத் தவறவிடப் போகிறீர்கள்!